குறை ஊடுருவுதிறன் பாறைகளில் பாய்ம ஓட்டம்: ஓபலினஸ் களிப்பாறையை முன்வைத்து எண்சார் ஒப்புருவாக்க அமைப்பு

ஆய்வுச் சுருக்கம்

நீரை மிக மெதுவாகவே கடத்தும் பாறைகளில் பாய்ம ஓட்டத்தைக் கணினியில் ஒப்புருவாக்கம் செய்யும்போது, கட்டவலை, காலப்படி, எல்லை நிபந்தனை, தொடக்க நிபந்தனை ஆகியவற்றை எவ்வாறு தேர்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. சுவிட்சர்லாந்தின் ஓபலினஸ் களிப்பாறை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. மணற்பாறைக்குப் பழகிய அமைப்பை இப்பாறைக்கு அப்படியே பயன்படுத்தினால் கணிப்பு தடையின்றி ஓடி முடியும். ஆனால் விடை பன்மடங்கு பிழைபடக்கூடும். இப்பிழையைக் கணினியை இயக்கும் முன்பே, தாளில் செய்யும் எளிய காலக் கணக்கால் தவிர்க்கலாம் என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: ஊடுருவுதிறன், களிப்பாறை, எண்சார் ஒப்புருவாக்கம், அழுத்த விரவல், கட்டவலை, எல்லை நிபந்தனை

முன்னுரை

நீரை எளிதில் கடத்தும் பாறையைத் தேடுவதே நிலத்தடி நீரியலின் பழைய பணி. கிணறு தோண்டுவோருக்கு அத்தகைய பாறையே வேண்டும். அணுமின் நிலையங்களின் கதிரியக்கக் கழிவை எங்கே வைப்பது என்ற வினா எழுந்தபோது இத்தேடல் தலைகீழானது. இங்கே வேண்டுவது நீரை ஏறத்தாழக் கடத்தாத பாறை. சுவிட்சர்லாந்து இதற்கெனக் கருதும் பாறை ஓபலினஸ் களிப்பாறை. ஏறத்தாழ 17.5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த களிமண் இறுகி உருவானது இது. அந்நாட்டின் கழிவு மேலாண்மை நிறுவனமான நாக்ரா, இப்பாறை அமைந்துள்ள நோர்ட்லிக் லேகர்ன் பகுதியை 2022 செப்டம்பரில் களஞ்சிய இடமாக முன்மொழிந்தது. உயர்நிலைக் கதிரியக்கக் கழிவுக்கு அங்கே ஆராயப்படும் பாதுகாப்புக் காலம் 10 லட்சம் ஆண்டுகள்.

எந்த ஆய்வகச் சோதனையையும் 10 லட்சம் ஆண்டுகள் நடத்த இயலாது. ஆகவே இத்தகைய முடிவுகள் எண்சார் ஒப்புருவாக்கத்தைப் பெரிதும் சார்ந்துள்ளன. பாறையில் நிகழும் ஓட்டத்தைச் சமன்பாடுகளாக எழுதி, அவற்றைக் கணினியில் படிப்படியாகத் தீர்ப்பதே எண்சார் ஒப்புருவாக்கம். அது எவ்வாறு அமைக்கப்பட்டது என்பதை அறியாமல் அதன் விடையை மதிப்பிட முடியாது.

1. பாறையின் பண்பளவுகள்

நுண்துளைப் பொருளொன்றின் வழியே நீர் செல்லும் வீதம் அழுத்தச் சரிவுக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பதை ஆன்றி டார்சி 1856-இல் வெளியிட்டார். அவ்விகிதத்தில் பாறைக்கே உரிய பகுதி ஊடுருவுதிறன் எனப்படும். அதன் அலகு சதுர மீட்டர். நல்ல மணற்பாறையின் ஊடுருவுதிறன் 10⁻¹³ சதுர மீட்டர் அளவில் இருக்கும். ஓபலினஸ் களிப்பாறையில் அது 10⁻²⁰ சதுர மீட்டரை ஒட்டியும் அதற்குக் கீழும் அமைகிறது. அதாவது, ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு குறைவு.

இக்கட்டுரையின் கணக்குகளுக்குப் பின்வரும் மாதிரி மதிப்புகள் கொள்ளப்படுகின்றன. அடுக்கு கிடையாகக் கிடக்கிறது; தடிமன் 100 மீட்டர். படிவுத்தளங்களுக்குக் குறுக்கே, அதாவது மேல்கீழ்த் திசையில், நீர்கடத்துதிறன் நொடிக்கு 2×10⁻¹⁴ மீட்டர். படிவுத்தளங்களின் வழியே அது 5 மடங்கு. ஓர் அலகு நீர்மட்டம் குறைந்தால் ஓர் அலகு கன அளவுப் பாறை வெளிவிடும் நீரின் அளவான தன்சேமிப்புத்திறன், மீட்டருக்கு 2×10⁻⁶. நுண்துளைகள் கன அளவில் 12 விழுக்காடு.

ஊடுருவுதிறனைப் பெற்ற முறையையும் கவனிக்க வேண்டும். இத்தகைய பாறைத்துண்டில் நிலையான ஓட்டம் ஏற்படக் காத்திருப்பது நெடிய பணி. எனவே, ஒரு முனையில் அழுத்தத்தைச் சற்றே உயர்த்தி அது தணியும் வேகத்திலிருந்து ஊடுருவுதிறனைக் கணிக்கும் முறையை பிரேசும் உடன் ஆய்வாளர்களும் 1968-இல் அறிமுகப்படுத்தினர். அவர்கள் ஆராய்ந்த வெஸ்டர்லி கருங்கல்லின் ஊடுருவுதிறன், 10 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் 350 நானோடார்சியாக இருந்து, 400 மெகாபாஸ்கலில் 4 நானோடார்சியாகக் குறைந்தது. நிலத்தடி இறுக்கத்திலிருந்து விடுபட்ட பாறைத்துண்டில் அளந்த மதிப்பை அப்படியே ஆழத்திற்குப் பயன்படுத்தலாகாது என்பதை இது உணர்த்துகிறது. வளிமத்தைக் கொண்டு அளந்த மதிப்பெனில் மற்றொரு திருத்தமும் தேவை. மிக நுண்ணிய துளைகளில் வளிம மூலக்கூறுகள் சுவரில் வழுக்கிச் செல்வதால் ஊடுருவுதிறன் மிகையாகத் தோன்றும்; கிளிங்கன்பெர்க் 1941-இல் இதனை விளக்கினார்.

2. காலக் கணக்கு

நீர்கடத்துதிறனைத் தன்சேமிப்புத்திறனால் வகுத்தால் கிடைப்பது அழுத்த விரவல் குணகம். அழுத்த மாற்றம் பாறைக்குள் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதை அது காட்டும். நம் மாதிரியில் மேல்கீழ்த் திசையில் அதன் மதிப்பு நொடிக்கு 10⁻⁸ சதுர மீட்டர். இதிலிருந்து ஒரு பயனுள்ள தோராய விதி பெறப்படுகிறது:

காலம் ≈ தொலைவு² ÷ அழுத்த விரவல் குணகம்

அடுக்கின் நடுவில் ஒரு சுரங்கம் வெட்டப்படுகிறது எனக் கொள்வோம். அதன் பாதிப்பு 50 மீட்டர் கடந்து அடுக்கின் எல்லையை எட்ட 2.5×10¹¹ நொடிகள், அதாவது ஏறத்தாழ 8,000 ஆண்டுகள் ஆகும். அழுத்த விரவல் குணகம் நொடிக்கு 1 சதுர மீட்டராக உள்ள மணற்பாறையில் அதே தொலைவுக்கு 2,500 நொடிகள், அதாவது 42 நிமிடங்கள் போதும்.

இதே விதியைத் திருப்பிப் போட்டால், கழிந்த காலத்திற்குள் மாற்றம் எவ்வளவு தொலைவு சென்றிருக்கும் என்பது கிடைக்கும். களிப்பாறையில் ஒரு நாளில் 3 சென்டிமீட்டர், ஓராண்டில் 56 சென்டிமீட்டர், நூறாண்டில் 5.6 மீட்டர். அடுத்து எடுக்கவேண்டிய முடிவுகள் பலவும் இவ்வெண்களைச் சார்ந்தவை.

3. கட்டவலை

கணினி பாறையைத் தொடர்பொருளாகக் காண்பதில்லை. சிறு கட்டங்களாகப் பிரித்தே காண்கிறது. ஒரு கட்டத்திற்கு ஓர் அழுத்தம் என்பதே அதன் கணக்கு. 100 மீட்டர் அடுக்கை ஒரு மீட்டர்க் கட்டங்களாகப் பிரிப்பது போதுமானதாகத் தோன்றலாம். முதல் நாளில் என்ன நிகழ்கிறது என்று பார்ப்போம்.

சுரங்கக் கூரையை ஒட்டிய முதல் கட்டத்தின் மையம் கூரையிலிருந்து 50 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது. எனவே கணினி அழுத்த வேறுபாட்டை 50 சென்டிமீட்டரால் வகுத்துச் சரிவைக் காண்கிறது. உண்மையிலோ மாற்றம் சில சென்டிமீட்டரே புகுந்திருக்கிறது. சமதளச் சுவருக்கான பகுப்பாய்வுத் தீர்வின்படி, அழுத்த வேறுபாட்டை வகுக்கவேண்டிய தொலைவு, விரவல் குணகம், காலம், பை ஆகிய மூன்றின் பெருக்குத்தொகையின் வர்க்கமூலமாகும். ஒரு நாள் முடிவில் அது 5.2 சென்டிமீட்டர். ஆகவே கணினி கூறும் நீர்வரத்து உண்மையின் பத்தில் ஒரு பங்களவே. அந்த ஒரு நாளில் வந்த மொத்த நீரைக் கணக்கிட்டால் பிழை ஏறத்தாழ இருபது மடங்காகும். நீர்வரத்தைக் குறைத்துக் காட்டும் இந்நிலை முதல் மூன்று மாதங்கள் நீடிக்கும். இத்தனைக்கும் நிரல் எந்த எச்சரிக்கையும் தராது. வரைபடமும் வழுவழுப்பாகவே அமையும்.

இதற்குத் தீர்வாக எங்கும் ஒரு சென்டிமீட்டர்க் கட்டங்களை அமைத்தால், 50 மீட்டருக்கு 5,000 கட்டங்கள் தேவைப்படும். முப்பரிமாணத்தில் இது தாங்க முடியாத சுமை. சுவரை ஒட்டி ஒரு சென்டிமீட்டரில் தொடங்கி, ஒவ்வொரு கட்டத்தையும் முந்தையதைவிட 1.2 மடங்கு பெரிதாக்கிச் சென்றால் 38 கட்டங்களே போதும். தொலைவில் மாற்றம் மெல்லப் பரவுவதால் அங்கே பெரிய கட்டம் பெருந்தீங்கு செய்யாது. முதல் கட்டத்தின் அளவை, நாம் அறிய விரும்பும் மிகக் குறுகிய காலமே முடிவு செய்கிறது. ஒரு நாளின் நீர்வரத்து வேண்டுமெனில், 3 சென்டிமீட்டருக்குள் சில கட்டங்களேனும் இருத்தல் வேண்டும். நூறாண்டுக்குப் பிந்தைய நிலை மட்டுமே வேண்டுமெனில் அத்துணை நுட்பம் தேவையில்லை.

கட்டங்களின் திசையும் முக்கியமானது. களித்துகள்கள் தட்டையானவை, அவை படிவுத்தளத்தை ஒட்டிப் படுத்திருப்பதால் நீர் அத்தளத்தின் வழியே எளிதாகவும் குறுக்கே அரிதாகவும் செல்கிறது. சுவிட்சர்லாந்தின் ஜூரா பகுதியில் 1996 முதல் இயங்கும் மோன்ட் டெர்ரி நிலத்தடி ஆய்வகத்தில் இப்படிவுத்தளங்கள் சாய்ந்து கிடக்கின்றன. அங்கே சுரங்கத்திற்கு இசைவாக நேர்க்கோணக் கட்டங்களை அமைத்தால் அவை படிவுத்தளங்களுக்குச் சாய்வாக அமையும். அண்டைக் கட்டங்கள் இரண்டின் அழுத்த வேறுபாட்டை மட்டும் கொண்டு ஓட்டத்தைக் கணிக்கும் எளிய முறை அப்போது தவறான விடை தரும். கட்டங்களை எவ்வளவு சிறிதாக்கினாலும் இப்பிழை மறையாது. கட்டவலையைப் படிவுத்தளத்திற்கு இணையாகத் திருப்புவது அல்லது பல கட்டங்களின் அழுத்தங்களைச் சேர்த்துக் கணிக்கும் முறையைக் கையாள்வது இதற்கு வழி.

4. காலப்படி

ஒவ்வொரு கட்டத்தின் புதிய அழுத்தத்தையும் பழைய அழுத்தங்களிலிருந்து நேரே கணிப்பது வெளிப்படை முறை. இதில் காலப்படி ஓர் எல்லையைத் தாண்டினால் விடை அலைபாய்ந்து சிதறும். கட்ட அளவின் வர்க்கத்தை விரவல் குணகத்தின் இருமடங்கால் வகுத்துப் பெறுவதே அவ்வெல்லை. ஒரு சென்டிமீட்டர்க் கட்டத்திற்கு அது 5,000 நொடிகள். 8,000 ஆண்டுகளைக் கடக்க 5 கோடிப் படிகள் தேவைப்படும்.

எல்லாக் கட்டங்களின் புதிய அழுத்தங்களையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியாகத் தீர்ப்பது உட்படு முறை. பின்னோக்கிய வேறுபாட்டைக் கொண்ட உட்படு முறைக்கு மேற்கண்ட நிலைப்பு எல்லை இல்லை. முதல் படியை 100 நொடியாகக் கொண்டு, ஒவ்வொரு படியையும் 1.2 மடங்கு நீட்டினால் 110 படிகளில் 8,000 ஆண்டுகளைக் கடக்கலாம். தொடக்கத்தில் மாற்றம் விரைவானது, பின்னர் மெல்லத் தணிவது என்னும் இயற்பியலே இவ்வளர்ச்சிக்கு நியாயம். ஆயினும் நிலைப்பு வேறு, துல்லியம் வேறு. முதல் படியையே ஓராண்டாகக் கொண்டால் கணிப்பு சிதறாது. ஆனால் அவ்வாண்டுக்குள் நிகழ்ந்தவை தடமின்றி மறைந்துபோகும். வெப்பமூட்டல், காற்றோட்ட மாற்றம் போன்ற புதிய நிகழ்வு இடையில் தொடங்கும் ஒவ்வொரு முறையும் காலப்படியை மீண்டும் சிறிதாக்க வேண்டும்.

5. எல்லை நிபந்தனைகள்

சுரங்கச் சுவரில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்திற்குச் சமம் என்று எழுதுவது வழக்கம். நீர் ஒழுகும் பாறைக்கு அது பொருந்தும். இங்கே பொருந்துமா என்பதைக் கணக்கிட்டே அறியலாம். சுற்றுப்பாறையின் நீரழுத்தம் 2 மெகாபாஸ்கல், அதாவது 200 மீட்டர் நீர்மட்டம் எனக் கொள்வோம். முதல் நாள் முடிவில் கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியே வரும் நீர், நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 மில்லிலிட்டர். காற்றோட்டம் உள்ள சுரங்கத்தில் இந்நீர் துளியாகத் திரளும் முன்பே ஆவியாகிவிடும். சுவர் உலர்ந்தே காணப்படும். அதனால் ஓட்டம் இல்லை என்று பொருளன்று.

உலரும் சுவரில் பாறையின் நீரை இழுப்பது காற்றின் ஈரப்பதமே. கெல்வின் சமன்பாட்டின்படி, 80 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமுள்ள காற்று ஏறத்தாழ 30 மெகாபாஸ்கல் உறிஞ்சுவிசைக்குச் சமம். சுற்றுப்பாறையின் 2 மெகாபாஸ்கலோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிது. எனவே எல்லையில் எழுதவேண்டியது வளிமண்டல அழுத்தம் அன்று. காற்றின் ஈரப்பதமும் அது மாறும் முறையும் ஆகும். அத்துடன் பாறை ஓரளவு உலரும்போது அதன் நீர்கடத்துதிறன் எவ்வாறு குறைகிறது என்பதற்கான உறவும் மாதிரியில் இடம்பெற வேண்டும்.

சுரங்கம் வெட்டும்போதே அதனைச் சுற்றி நுண்வெடிப்புகள் தோன்றுகின்றன. இச்சிதைவு வளையத்தில் நீர்கடத்துதிறன், சிதையாத பாறையைவிடப் பல பதின்மடிகள் உயரக்கூடும். களிப்பாறை நீரேற்று வீங்கும் இயல்புடையதாதலால், காலப்போக்கில் இவ்வெடிப்புகளின் கடத்துதிறன் குறைகிறது. ஆகவே இவ்வளையத்திற்குத் தனி மதிப்பும், அது காலத்தோடு மாறும் விதமும் தேவை. பாறை முழுமைக்கும் ஒரே சராசரி மதிப்பைக் கொடுத்தால், நீர் உண்மையில் செல்லும் வழி மாதிரியிலிருந்தே நீங்கிவிடும்.

6. தொடக்க நிபந்தனையும் வெப்பத்தின் பங்கும்

மணற்பாறையில் தொடக்க அழுத்தத்தைச் சற்றுப் பிழையாகக் கொடுத்தாலும் விரைவில் அது தானே சரியாகிவிடும். சமநிலைக்கு 8,000 ஆண்டுகள் எடுக்கும் பாறையில் தொடக்கப் பிழை, கணிப்புக் காலம் முழுவதும் உடன்வரும். கடைசிப் பனியூழி முடிந்து ஏறத்தாழ 11,700 ஆண்டுகளே ஆகின்றன. பாறையின் மேலிருந்த சுமையும் நீர்மட்டமும் மாறியதன் எச்சம் இன்னும் தணியாமல் இருக்கலாம் என்பதை இரு எண்களின் நெருக்கமே காட்டுகிறது. எனவே ஆழத்திற்கேற்ப நேராக உயரும் அழுத்தத்தை இயல்பெனக் கொள்ளாமல், ஆழ்துளைகளில் நெடுங்காலம் அளந்த மதிப்புகளையே தொடக்கமாகக் கொள்ளவேண்டும்.

கழிவு வெப்பம் உமிழ்வதாயின், ஓட்டச் சமன்பாடு மட்டும் போதுமா என்ற வினாவுக்கும் காலக் கணக்கே விடை தருகிறது. பாறையின் வெப்ப விரவல் குணகம் நொடிக்கு 10⁻⁶ சதுர மீட்டர் அளவினது. அழுத்த விரவல் குணகத்தைவிட 100 மடங்கு. ஓராண்டில் வெப்பம் 5.6 மீட்டர் செல்லும்போது அழுத்தம் 56 சென்டிமீட்டரே செல்கிறது. நீர் தாதுக்களைவிட மிகுதியாக விரிவடையும். விரிந்த நீர் வெளியேற வழியில்லை. ஆகவே துளைகளில் அழுத்தம் உயர்கிறது. மோன்ட் டெர்ரியில் மூன்று வெப்பமூட்டிகளைக் கொண்டு 2015 முதல் நடைபெறும் முழு அளவுச் சோதனை, இத்தகைய இணைந்த நிகழ்வுகளை அளந்து வருகிறது. 1992-இல் தொடங்கிய டெகோவலெக்ஸ் என்னும் பன்னாட்டுத் திட்டம், ஒரே சிக்கலை வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு நிரல்களால் தீர்த்து ஒப்பிட வழிசெய்கிறது. இச்சோதனையும் அத்திட்டத்தில் ஒப்பீட்டுச் சிக்கலாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

7. விடையைச் சரிபார்த்தல்

சரிபார்ப்பு இருவகை. சமன்பாட்டைச் சரியாகத் தீர்த்தோமா என்பது முதலாவது. இதற்குப் பகுப்பாய்வுத் தீர்வுள்ள எளிய சிக்கலை முதலில் கணித்து ஒப்பிடவேண்டும். பின்னர்க் கட்ட அளவையும் காலப்படியையும் பாதியாக்கி, விடை மாறாமை காணவேண்டும். பாறையில் குறைந்த நீரும் சுரங்கத்திற்கு வந்த நீரும் சமமாதல் வேண்டும். ஆனால் இந்நீர்க் கணக்கு மட்டும் போதாது. மேலே கண்ட ஒரு மீட்டர்க் கட்டவலையிலும் அது பிசகாது பொருந்தும். விடையோ பத்து மடங்கு தவறானது.

சரியான சமன்பாட்டைத்தான் தீர்த்தோமா என்பது இரண்டாவது. இங்கேதான் 10 லட்சம் ஆண்டு என்னும் காலம் குறுக்கே நிற்கிறது. இதற்குப் பாறையே ஒரு சான்றைத் தன்னுள் வைத்திருக்கிறது. ஓபலினஸ் களிப்பாறையின் துளைநீர் உவர்ப்பானது. மோன்ட் டெர்ரியில் குளோரைடின் அளவு அடுக்கின் உட்பகுதியில் மிகுந்தும், நன்னீர் ஓடும் அண்டை அடுக்குகளை நோக்கிச் செல்லச்செல்லக் குறைந்தும் வளைகோடாக அமைகிறது. நீர் குறிப்பிடத்தக்க அளவில் ஓடியிருந்தால் இவ்வடிவம் குலைந்திருக்கும். உப்பு மூலக்கூற்று விரவலால் மட்டுமே மெல்ல வெளியேறியது எனக் கொண்டால் அவ்வளைகோடு விளங்குகிறது.

நம் மாதிரியும் இதனோடு இசைகிறதா? நீரில் கரைந்த நடுநிலைப் பொருளொன்றின் பயனுறு விரவல் குணகம் நொடிக்கு 10⁻¹¹ சதுர மீட்டர் எனக் கொள்வோம். நீர்மட்டச் சரிவு மீட்டருக்கு ஒரு மீட்டராக இருந்தாலும், 50 மீட்டர்த் தொலைவில் ஓட்டத்திற்கும் விரவலுக்கும் உள்ள விகிதம் 0.1. அதாவது, பொருளைச் சுமந்து செல்வதில் ஓட்டத்தின் பங்கு சிறிது. துளைகளின் 12 விழுக்காட்டையும் கணக்கில் கொண்டால், விரவல் அத்தொலைவைக் கடக்கும் காலம் ஏறத்தாழ 9.5 லட்சம் ஆண்டுகள். பாதுகாப்பிற்கெனக் கேட்கப்படும் காலமும் இதே அளவினது. இத்தகைய நெடுங்காலத்தை ஒப்புருவாக்கம் தாங்குமா என்பதற்கு, பாறை முன்னரே நடத்திமுடித்த இயற்கைச் சோதனையே உரைகல்லாகிறது.

முடிவுரை

குறை ஊடுருவுதிறன் பாறையில் ஒப்புருவாக்கம் அமைப்பது, பழக்கமான நிரலில் ஓர் எண்ணை ஏழு பதின்மடிகள் குறைத்து எழுதும் வேலையன்று. அவ்வெண் குறையும்போது கட்டத்தின் அளவு, காலப்படி, எல்லையில் எழுதும் இயற்பியல், தொடக்க நிலையின் வரலாறு, உடன் சேர்க்கவேண்டிய பிற நிகழ்வுகள் ஆகிய அனைத்தும் மாறுகின்றன. தொலைவின் வர்க்கத்தை விரவல் குணகத்தால் வகுக்கும் ஒரே கணக்கு இம்மாற்றங்களைப் பெரும்பாலும் முன்கூட்டியே காட்டிவிடுகிறது.

ஒப்புருவாக்க முடிவுகளை வெளியிடுவோர் இறுதி வரைபடத்தோடு நில்லாது, முதல் கட்டத்தின் அளவு, முதல் காலப்படி, எல்லையில் கொண்ட ஈரப்பதம், தொடக்க அழுத்தம் பெறப்பட்ட வழி ஆகிய நான்கையும் தெரிவித்தல் வேண்டும். பிறர் அம்முடிவைத் தாமே கணக்கிட்டுச் சோதிக்க இவை உதவும். பல தலைமுறைகள் கடந்தும் வாழப்போகும் மக்களின் பாதுகாப்பைப் பற்றிய கணிப்பில், சோதிக்க இயலாத விடைக்கு மதிப்பில்லை.